சாரலோடு வந்த மூன்றாவது மிஷின்

கொன்றையூர் வியாபாரிகள் சங்கத்துக் கல்யாணத் தகவல் மையத்துக்கு மூன்றாவதாக வந்த கலர் மிஷின், படத்தில் இருக்கிற ஆளை, படம் எடுத்த அன்றைக்கு இருந்தபடி இல்லாமல், அச்சடிக்கிற அந்த நிமிஷத்தில் அவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே அச்சடித்துக் கொடுத்தது என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, அந்த வருஷம் குற்றாலச் சாரல் பத்து நாள் முந்தியே இறங்கிவிட்டது என்பதையும் அதே குரலில் சொல்வார்கள், ஏனென்றால் இரண்டில் எது பெரிய அதிசயம் என்று அங்கே இன்னும் முடிவாகவில்லை.

மிஷின் எதற்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மையம் மாசம் தவறாமல் வரன் புத்தகம் ஒன்று போடும், நூற்றிருபது பக்கம், பக்கத்துக்கு நாலு பேர், எல்லாம் கலர். அதை வெளியூர் அச்சாபீஸ் ஒன்றில் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். சித்திரை மாசப் புத்தகத்தில் மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் மஞ்சள்காமாலை கண்டவர்களாகவும், பெண்கள் அத்தனை பேரும் அப்போதுதான் யாரிடமோ கன்னத்தில் அறை வாங்கியவர்களாகவும் வந்துவிட, பெண் பார்க்கப் போன ஒரு குடும்பம் வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்து "உங்க அக்காவைக் கூப்பிடும்மா" என்று சொல்லிவிட, அந்தப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, சங்கச் செயலாளர் அம்பலவாணன் அண்ணாச்சி தன் இரும்புக்கடையைப் பாதியில் அடைத்துவிட்டுப் போய் மன்னிப்புக் கேட்டு வரவேண்டியதாயிற்று. அதற்கப்புறம்தான் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. ஆபீஸ் மேஜையில் வைக்கிற சின்ன பிரிண்டரும் வேண்டாம், அச்சாபீஸில் ஓடுகிற பெரிய மிஷினும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில், ஒரு அறைக்குள் அடங்கி, கனத்த அட்டையையும் தின்று, மாசம் இருபதாயிரம் பக்கத்தைச் சளைக்காமல் தள்ளுகிற கலர் மிஷின் ஒன்றை நமக்கு நாமே வாங்கிக்கொள்வது. மூன்று கம்பெனிக்காரர்கள் ஆளுக்குப் பத்து நாள் மிஷினைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுவது. எது நல்லது என்று மையத்து மேனேஜர் உலகம்மாள் ரிப்போர்ட் எழுதுவது, அவள் எழுதியதை வாங்குவது.

உலகம்மாள் எழுதினால் அதில் கமிட்டி கை வைக்காது. நாற்பத்து மூன்று வயசு, மூக்கின் நுனியில் கண்ணாடி, ஸ்கேல் வைத்துக் கோடு போடாமல் நோட்டில் ஒரு வரி எழுதமாட்டாள். பத்து வருஷத்தில் அறுநூற்றுச் சொச்சம் கல்யாணம் அவள் கை வழியாக நடந்திருக்கிறது, அவளுடைய கல்யாணம் மட்டும் இருக்கிறதா முடிந்ததா என்று அவளுக்கே தெரியாது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, "தென்காசி வரைக்கும் போயிட்டு வாரேன், மத்தியானத்துக்கு ரசம் மட்டும் வை" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறின அவள் புருஷன் குத்தாலிங்கம் அப்புறம் வரவில்லை. வீட்டில் சண்டை இல்லை, வெளியில் கடன் இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தாள். புனலூரில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார் என்று புனலூர் போனாள், திருப்பூரில் என்று இன்னொருத்தர் சொன்னார் என்று திருப்பூர் போனாள், ஆஸ்பத்திரிகளில் துணி மூடிக் கிடந்த யார் யார் முகத்தையோ பார்த்தாள். ஏழு வருஷம் தாண்டினால் செத்ததாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறது, ஒரு கையெழுத்துப் போடும்மா என்று வக்கீல் சொன்னபோது, "ரசம் வைக்கச் சொல்லிட்டுப் போன மனுசரை நான் எப்படிய்யா செத்துட்டாருன்னு எழுதுவேன்" என்று எழுந்து வந்துவிட்டாள். நெற்றிக் குங்குமமும் கழுத்துத் தாலியும் செவ்வாய் வெள்ளி விரதமும் அப்படியே இருந்தன. விசேஷ வீடுகளில் அவளை முன்னால் வா என்று கூப்பிடவும் மாட்டார்கள், பின்னால் போ என்று ஒதுக்கவும் மாட்டார்கள். அவளைக் கண்டால் ஆரத்தித் தட்டு வைத்திருக்கிறவளுக்கு ஒரு நிமிஷம் கை தடுமாறும், அந்த ஒரு நிமிஷத்துக்குள் உலகம்மாள் தானாகவே சமையல்கட்டுப் பக்கம் போய்விடுவாள்.

முதல் மிஷின் வேகமான மிஷின்தான், ஆனால் அட்டைத் தாளைக் கொடுத்தால் வாயில் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. இரண்டாவது மிஷின் நிறத்தில் தங்கம், ஒன்றாம் பக்கத்துப் பச்சையும் நூற்றிருபதாம் பக்கத்துப் பச்சையும் ஒரே பச்சை, ஆனால் சாரல் ஈரத்தில் தாள் அப்பளமாகச் சுருண்டு வெளியே வந்தது. இரண்டையும் உலகம்மாள் கட்டம் போட்டு எழுதினாள். நிமிஷத்துக்கு எத்தனை பக்கம், எத்தனை கனம் வரை தாள் போகும், புத்தகத்தை அதுவே மடித்துப் பின் அடிக்குமா, நின்றுவிட்டால் மெக்கானிக் வர எத்தனை மணி நேரம். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது.

மூன்றாவது மிஷினை மதுரையிலிருந்து கொண்டுவந்தவர் தாவீது. இருபத்திரண்டு வருஷமாக இதே தொழில், மிஷினோடு பேசுகிற பழக்கம் உண்டு, மனுஷர்களோடு அவ்வளவாகப் பேசமாட்டார். வழக்கப்படி முதல் தாளில் பிள்ளையார் படம் போட்டார்கள், பிள்ளையார் பிள்ளையாராகவே வந்தார், அவருக்கு என்ன வயசா கூடப்போகிறது. அப்புறம் வரன் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கம்ப்யூட்டர் பார்க்கிற ரகமத்து அனுப்பினாள். அந்தப் பக்கத்தில் அறுநூற்றுப் பதினாலாம் நம்பர் வரன், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, கோட்டும் டையுமாக ஸ்டுடியோவில் எடுத்த படம். வரன் புத்தகத்துக்குப் படம் கொடுப்பது பற்றி இந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு, இருபத்தைந்து வயசில் ஒன்று நன்றாக அமைந்துவிட்டால் கல்யாணம் முடிகிறவரை அதுதான் படம், முப்பத்தாறு ஆனாலும் அதுதான். வெளியே வந்த தாளில் அதே ஸ்டுடியோ, அதே நீலத் திரை, நடுவில் முன்மண்டை ஏறின ஒரு மனுஷன், பனியன் போட்டு, தோளில் துண்டும் வாயில் பிரஷ்ஷுமாக நின்றான்.

"யாருக்கா இது?" என்றாள் ரகமத்து.

"அறுநூத்துப் பதினாலு" என்றாள் உலகம்மாள், மூக்கை வைத்து அடையாளம் கண்டு.

"மணி பத்தே முக்கால் ஆகுது, இப்பத்தான் பல் தேய்க்குதானா? இவனுக்கா நாம இருபத்தெட்டு ஜாதகம் அனுப்பிருக்கோம்?"

தாவீது டிரம்மில் கோளாறு இருக்கும் என்று கழற்றித் துடைத்து, நிறத்தைச் சரிபார்த்து, மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை மாப்பிள்ளை வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தான். மறுபடி கழற்றி, மறுபடி சரிபார்த்து ஓட்டினார், மாப்பிள்ளை கையில் காபி டம்ளரோடு வந்தான். அம்பலவாணன் அண்ணாச்சி அவன் அம்மாவுக்குப் போன் போட்டுச் சுற்றி வளைத்து விசாரிக்க, பையனுக்கு ராத்திரி ஷிப்டு, இப்போதுதான் எழுந்தான், காபி குடித்துக்கொண்டிருக்கிறான் என்று அந்தம்மா சொன்னாள். தாவீது மூன்று தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கலர் மட்டும் எங்கேயும் பிசகலைங்க" என்றார்.

செத்தவர்களை அது என்ன செய்யும் என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. அண்ணாச்சி தன் அப்பாவின் பத்தாம் வருஷ நினைவு நாளுக்குப் போஸ்டர் அடிக்கப் படத்தைக் கொடுத்தார். நாற்காலி வந்தது, பக்கத்தில் ஸ்டூலில் இருந்த பிளாஸ்டிக் பூச்சாடி வந்தது, பின்னால் திரை வந்தது, அப்பா வரவில்லை. அண்ணாச்சி ரொம்ப நேரம் பார்த்தார். "அப்பா எந்திரிச்சுப் போயிட்டாவ" என்று சொல்லிவிட்டு, அதையே பிரேம் போட்டுக் கடையில் மாட்டி மாலை போட்டார்.

அந்த நாற்காலியைப் பார்த்த நிமிஷத்தில்தான் உலகம்மாளுக்கு அது உறைத்தது. பதினொரு வருஷமாக அவள் கோயில் கோயிலாகவும் ஸ்டேஷன் ஸ்டேஷனாகவும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, நிமிஷத்துக்கு எழுபது பக்கம் வேகத்தில் பதில் சொல்கிற சாமான் ஒன்று அவள் மேஜைக்கு எட்டடி தூரத்தில் நின்றது. பத்து நாள் நிற்கும், பதினோராவது நாள் லாரி வரும்.

ஊர் என்னமோ மூன்றே நாளில் அதைப் பழகிக்கொண்டது. கடையநல்லூர், புளியங்குடிப் பக்கமெல்லாம் சேதி போய், வளைகுடா நாடுகளில் பிள்ளைகளை வைத்திருக்கிற தாய்மார்கள் படங்களைப் பாலிதீன் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு சாரலில் குடைபிடித்து வரிசையில் நின்றார்கள். சார்ஜாவில் இருக்கிற மகன் இளைத்திருக்கிறானா என்று பார்த்தார்கள், காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிற மகன் தாடி வைத்திருக்கிறானா என்று பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டுப் போனார்கள். ரகமத்து வெளிநாட்டில் இருக்கிற தன் வீட்டுக்காரர் படத்தைப் போட்டுப் பார்த்தபோது கட்டைவிரலில் துணிக்கட்டு இருந்தது, உடனே போன் போட்டு "விரல்ல என்ன?" என்று கேட்க, அந்த மனுஷன் அடுத்த ரெண்டு நாள் தன் அறையில் எந்தப் பக்கம் கேமரா இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாராம். வார்டு கவுன்சிலர் பிறந்தநாளுக்கு அவருடைய ஆட்கள் அடித்த போஸ்டரில் அவர் லுங்கியோடு முதுகு சொறிந்துகொண்டு வந்தார். நேரமில்லை என்று அதையே பஸ் ஸ்டாண்டில் ஒட்டினார்கள், 'பாவம், நம்மள மாதிரித்தான் இருக்காரு' என்று ஜனங்களுக்கு அவர்மேல் முன்னைவிடப் பிரியம் வந்துவிட்டது. நினைவு நாள் போஸ்டர்கள் எல்லாம் காலி நாற்காலிகளாகச் சுவரெங்கும் ஒட்டப்பட்டன, குற்றாலத்துக்குப் போகிற வெளியூர்க்காரர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து, இந்த ஊரில் நாற்காலி வியாபாரம் பிரமாதம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு போனார்கள்.

நாலாம் நாள் கமிட்டி கூடி, காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை மட்டும், அவரவர் குடும்பத்துப் படம் மட்டும் என்று போர்டு எழுதி மாட்டியது. அதோடு வேறொன்றும் ஆரம்பித்தது. தாய்மார்கள் வரிசையில் நிற்கும்போதே பிள்ளைகளுக்குப் போன் போட்டார்கள். "ஏய், பத்தரைக்கு உன்னைய அச்சடிக்கப் போறேன், சட்டையைப் போட்டுக்கிட்டு ஒழுங்கா உக்காரு." அவ்வளவுதான், சார்ஜாவிலும் தோஹாவிலும் பெங்களூரிலும் சென்னையிலும் கொன்றையூர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தந்த நேரத்துக்குத் தலைசீவிப் பவுடர் பூசி நேராக உட்கார்ந்தார்கள். சும்மாவே எவராவது அச்சடித்துவிடுவார்களோ என்று பயந்து ஊருக்குள்ளும் ஆட்கள் பத்திலிருந்து ஒன்று வரை கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள், பெண்டாட்டியிடம் சத்தம் போடுகிறவர்கள் ஒன்றேகால் வரை பொறுத்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் அறுநூற்றுப் பதினாலாம் நம்பர் கோட்டும் டையுமாக, முன்மண்டையில் ஏதோ கறுப்பைப் பூசிக்கொண்டு, பழைய படம் மாதிரியே வந்தான். உலகம்மாள் அந்தத் தாளைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். தெரிந்தவர்கள் எல்லாரும் வேஷம் கட்டிக்கொண்டுவிட்டார்கள், தான் அச்சாவது தெரியாத ஆள் மட்டும்தான் உள்ளபடி வருவான் என்று அவளுக்குப் பட்டது. அவளுக்குத் தெரிந்து அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தான், அவனுக்குப் போன் போட்டுச் சொல்ல நம்பர் கிடையாது.

ஊர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காமல் வந்து வந்து நின்றது. படம் அச்சடித்து முடித்த பிறகும் பெண்கள் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி முறுக்கு கொண்டுவந்தாள், ஒருத்தி மீன் குழம்பு கொண்டுவந்து, இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். எல்லார் கண்ணும் உலகம்மாள் நெற்றிக்கும் மிஷினுக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது.

"ஏன்க்கா, நீங்க ஏன் இன்னும் போட்டுப் பாக்கல?" என்று கடைசியில் ரகமத்துதான் கேட்டாள்.

உலகம்மாள் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "நாற்காலி மட்டும் வந்தா அழணும்டி. ஆள் வந்தா அதைவிட அழணும். ரெண்டுல எதுக்கு அழப்போறோம்னு தெரியாம இருக்கறவரைக்கும் காலையில எந்திரிச்சுக் கோலம் போட முடியுது. பயமாத்தான் இருக்கு, போ."

ஒன்பதாம் நாள் மத்தியானம் அம்பலவாணன் அண்ணாச்சி வந்து எதிரில் உட்கார்ந்தார். "உலகு, இதை வேண்டாம்னு எழுதிரு. ஒன்பது நாள்ல நாலு நிச்சயம் நின்னுபோச்சு. நமக்கு வேண்டியது ஒரு மிஷினு, சாட்சி இல்ல."

"ஊரு வேணும்னு சொல்லுதே அண்ணாச்சி."

"ஊரு எதைத்தான் வேண்டாம்னு சொல்லிச்சு?" அண்ணாச்சி எழுந்தார், வாசல் வரை போனார், திரும்பி வந்தார். அவருக்கு இந்த மாதிரிப் பேசிப் பழக்கமில்லை. "ஆனா நீ எழுதுறதுக்கு முந்தி உன் வீட்டுக்காரர் படத்தைப் போட்டுப் பாத்துரும்மா. எங்கப்பா நாற்காலியைப் பாத்தபெறகுதான் எனக்குத் தூக்கம் நல்லா வருது. நாளைக்கு ஒரு மணியோட சரி, மிஷின்காரன் பிரிச்சுக் கட்ட ஆரம்பிச்சிருவான்."

மறுநாள் சனிக்கிழமை. சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்குக் கடைசி ஆளும் படத்தை வாங்கிக்கொண்டு வெளியே போனதும், "ரகமத்து, ஷட்டரை இறக்கு" என்றாள் உலகம்மாள். ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு மேல் இறங்கவில்லை, துருவேறிப்போயிருந்தது. அந்த இடைவெளியில் வெளியே நிற்கிறவர்களின் பாதங்கள் தெரிந்தன, ரப்பர் செருப்பும் சேறும் மெட்டியுமாக நாற்பது ஐம்பது பாதங்கள், ஒன்றுகூட நகரவில்லை. உலகம்மாள் கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். அவளும் குத்தாலிங்கமும் சேர்ந்து நிற்கிற ஒரே படம், கல்யாணமான மூன்றாம் நாள் குற்றாலத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது, பின்னால் துணியில் வரைந்த அருவி. 'இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லும்மா' என்று படம் எடுத்தவர் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவள் தலை புருஷன் தோளில் சாய்ந்தேவிட்டது.

"அட்டைத் தாள் எப்படிப் போகுதுன்னு ரிப்போர்ட்டுல ஒரு கட்டம் பாக்கி இருக்கு" என்றாள். ரகமத்து படத்தை வாங்கி ஸ்கேன் செய்தாள். தாவீது உள்ளதிலேயே கனமான தாளை எடுத்து, ஓரத்தை ஊதிப் பிரித்து, தட்டில் வைத்தார்.

தாள் பக்கவாட்டில் வெளியே வந்தது, அவள் பக்கம் முதலில். துணி அருவிக்கு முன்னால் உலகம்மாள் நின்றாள், இன்று காலையில் கட்டின பாசிப்பச்சைச் சேலை, மூக்கு நுனியில் கண்ணாடி, காதோரம் நரை, கையில் ஸ்கேல். அந்த நேரத்திலும் அவளுக்கு, பரவாயில்லையே, நான் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தோன்றியது. அப்புறம் அருவி கொஞ்சம் வந்தது. அதற்கப்புறம் ஒரு முழங்கை வந்தது.

குத்தாலிங்கம் இருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், மீசைக்கு மை அடித்திருந்தான், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் இரட்டைக்கரை வேட்டியும் கட்டியிருந்தான். ஒரு தோளில் ரோஸ் நிறப் பள்ளிக்கூடப் பை, சின்னது, முயல் படம் போட்டது. அந்தப் பக்கத்துக் கையில் விரித்த குடை, அதை அவன் தன் தலைக்கு மேல் பிடிக்காமல் ஒருபக்கமாகத் தணித்துப் பிடித்திருந்தான். இன்னொரு கை இடுப்புக்குக் கீழே தொங்கி, விரல்கள் எதையோ பொத்திப் பிடித்தாற்போல் மடங்கியிருந்தன, அந்தக் கைக்குள் ஒன்றுமில்லை. மிஷின் பழைய படத்தில் இருந்தவர்களை மட்டும்தான் அச்சடிக்கும். அவன் குனிந்து, அந்த ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ரகமத்துதான் முதலில் கையை வாயில் வைத்துக்கொண்டாள். உலகம்மாள் கையில் இருந்த படத்தை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நல்லா இருக்கான்டி" என்றாள். பத்து வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவனை அவன் இவன் என்று ரகமத்து கேட்டதில்லை. "நான் அஞ்சாறு பிணத்தோட முகத்தை விலக்கிப் பாத்தேனே, ஒவ்வொண்ணுக்கும் முந்தி இவனா இருக்கக் கூடாதுன்னு கும்பிட்டேனே, என் சாமி கேட்டிருக்கு பாரு, இவன் இல்ல, இவனுக்கு ஒரு குறையும் இல்ல. வாரத்துல ரெண்டு நாள் பட்டினி கெடந்து இவனுக்கு ஆயுசு கூட்டிக் குடுத்திருக்கேன்டி நான்." அப்புறம் அழுதாள். மழைச் சத்தத்தையும் மீறி வெளியே கேட்கிற மாதிரி, வெட்கமில்லாமல், மேஜையில் தலையை வைத்து அழுதாள். தாவீது மிஷினைப் பார்த்துத் திரும்பி நின்று, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே போய் ஷட்டரைத் தூக்கினாள். அத்தனை பேரும் அவள் நெற்றியைப் பார்த்தார்கள், குங்குமம் இருந்தது.

"இருக்காவ" என்றாள் உலகம்மாள். "நல்லா இருக்காவ."

பின்னால் நின்ற ஒருத்தி சந்தோஷம் தாங்காமல் குலவை போட ஆரம்பித்தாள், இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"எங்கேம்மா இருக்காவ?" என்று குலவைக்கு நடுவில் யாரோ கேட்டார்கள்.

"எங்கேன்னு தெரியல. அங்கேயும் மழை பெய்யுது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டுப் போறாவ."

குலவை பாதியில் நின்றது. பிறகு பெண்கள் முன்னால் வந்து ஒவ்வொருத்தியாக உலகம்மாள் கையைப் பிடித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்கள்.

உள்ளே வந்து நோட்டைத் திறந்து மூன்றாவது கட்டத்தை அவள் ஒரே மூச்சில் எழுதினாள். 'நிறம் துல்லியம். அட்டைத் தாள் சிக்கவில்லை. சாரலிலும் சுருளவில்லை. குறை ஒன்று. தான் அச்சாவது தெரிந்தால் ஆள் வேறு ஆளாக உட்கார்ந்துகொள்கிறார், தெரியாதவரை நாம் அவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைகிறோம். வரன் புத்தகத்துக்கு இரண்டும் உதவாது. இரண்டாவது மிஷினை வாங்கலாம். தாள் வைக்கிற அறையில் ஈரம் உறிஞ்சுகிற சாதனம் ஒன்று போட்டால் தாள் சுருளாது.' கையெழுத்துப் போட்டுத் தாவீதிடம் நோட்டைக் காட்டினாள், மனுஷன் படித்துவிட்டு, "சரிதாங்க" என்று சொல்லி, மிஷினின் முதுகில் தட்டிக்கொடுத்து மூடியைக் கழற்ற ஆரம்பித்தார். அதற்கப்புறம் அந்த மிஷின் எந்த ஊர் ஆபீஸுக்குப் போனதென்று கொன்றையூரில் ஒருவரும் விசாரிக்கவில்லை, ஆவணி பிறக்குமுன் ஆட்கள் பழையபடி கூனி நடக்கத் தொடங்கினார்கள்.

"ரகமத்து, ஒரு வரன் பாரம் எடு."

"யாருக்குக்கா?"

"எழுது. பேரு உலகம்மாள். வயசு நாப்பத்து மூணு. நிறம்..." மேஜையில் கிடந்த தாளைத் திரும்பிப் பார்த்தாள். "கறுப்புன்னே எழுது. மாநிறம்னு எழுதாத."

ரகமத்து எழுதினாள். எழுதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினாள். "முதல் கல்யாண விவரம்னு ஒரு கட்டம் இருக்கேக்கா."

"கணவர் உயிரோடு இருக்கிறார், நலமாக இருக்கிறார். விவாகரத்துக்குத் திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன். அது முடிஞ்ச பெறகு புத்தகத்துல போடுவோம், இப்ப நம்பர் மட்டும் குடு."

"எழுநூத்து முப்பத்தொண்ணு." ரகமத்து நம்பரை எழுதினாள். "படம் ஒட்டணும்க்கா. படத்துக்கு என்ன செய்ய?"

உலகம்மாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, புத்தகத்து ஓரம் வெட்டுகிற கத்தி மேஜைக்குப் போனாள். தாளைக் கத்திக்குக் கீழே நகர்த்தி, எங்கே வெட்டலாம் என்று குனிந்து பார்த்தபோதுதான் கவனித்தாள். பழைய படத்தில் அவள் தலை அவன் தோளில் கிடந்தது. இதில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சாண் அருவி விழுந்துகொண்டிருந்தது. அவள் கைப்பிடியை அழுத்தினாள். ஒருவர் தோளிலும் கத்தி படவில்லை.